ஒரு கல்சிலுவையைக் கழுவ ஏன் அமைச்சரின் அனுமதி வேண்டும்?

இங்கிலாந்தின் வடமேற்குக் கரைப் பக்கம், கம்ப்ரியாவில், காஸ்ஃபோர்த் என்று ஒரு கிராமம் இருக்கிறது. (நியூகாசில் நகரத்திலும் ஒரு காஸ்ஃபோர்த் உண்டு. அது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றியிருக்கும் கல்லறைத் தோட்டத்தில், சாதாரணக் கல்லறைக் கற்களுக்கு நடுவே, ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒரு சிவப்பு மணற்கல் சிலுவை நிற்கிறது. உயரம் சுமார் 4.4 மீட்டர். வயது ஆயிரத்துக்கும் மேல்.

1880களில் சார்ல்ஸ் அருண்டெல் பார்க்கர் என்ற உள்ளூர் மருத்துவரும் கால்வர்லி என்ற குருவானவரும் சேர்ந்து, அந்தச் சிலுவையில் அப்பிக் கிடந்த பாசியைத் தேய்த்துக் கழுவினார்கள். அடியிலிருந்து குதிரை வீரர்களும் பாம்புகளும் வாய் பிளந்த மிருகங்களும் எட்டிப் பார்த்தன. பழைய நார்ஸ், அதாவது ஸ்காண்டினேவியப் புராணக் காட்சிகள் அதில் செதுக்கப்பட்டிருப்பதை அதற்குப் பிறகுதான் உலகம் புரிந்துகொண்டது. நல்ல காரியம்தான். ஆனால் இன்றைக்கு யாராவது ஒரு வாளித் தண்ணீரும் தேய்க்கும் பிரஷுமாகத் தாமாகவே கிளம்பிப்போய் அதையே செய்தால், அவர்மேல் குற்ற வழக்குப் போட முடியும். எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும், அதுவும் அமைச்சரிடமிருந்து.

ஒரு கிராமத்துக் கல்லுக்கு இத்தனை கெடுபிடியா என்று தோன்றலாம். முதலில் இது என்ன மாதிரிச் சிலுவை என்று பார்த்துவிடுவோம்.

கல்லறைகளுக்கு நடுவே நிற்பதால் இதை யாரோ ஒருவரின் கல்லறைக் கல் என்று நினைத்துவிடுவது இயல்பு. அப்படி இல்லை. இந்த வகைச் சிலுவை ஊருக்கே பொது. இடைக்கால இங்கிலாந்தில் சாதாரணக் குடியானவரைப் புதைத்த இடத்தில் பெயர் வெட்டிய கல் எல்லாம் வைக்க மாட்டார்கள். மண்மேடு கொஞ்ச நாளில் தணிந்து போகும், அதே இடத்தில் அப்புறம் இன்னொருவரைப் புதைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணுக்குள் போன அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே அடையாளமாக நின்றது இந்தக் கல்சிலுவைதான்.

அது சும்மாவும் நிற்கவில்லை. குருத்தோலை ஞாயிறு பவனி ஆலயத்திலிருந்து புறப்பட்டுக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வரும்போது இந்தச் சிலுவையடியில் நின்று நற்செய்தி வாசிப்பார்கள். பவனி என்றதும் நம் மனத்தில் தென்னங்குருத்து வந்துவிடும். அங்கே தென்னையும் இல்லை, பனையும் இல்லை. வில்லோ கிளைகளையும் கல்லறைத் தோட்டத்து யூ மரக் கிளைகளையும் ஒடித்துப் பிடித்துக்கொண்டு அதையே ‘பாம்’ என்று சொல்லிக்கொண்டார்கள். ஹெரிஃபோர்டுஷயர் பக்கத்துச் சிலுவைகள் பலவற்றின் அடிக்கல்லில் சின்ன மாடம் ஒன்று குடைந்திருக்கும். பவனியின்போது நற்கருணைச் சிமிழை அதில் வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

பிற்காலச் சிலுவைகளின் அமைப்பு எளிமையானது. கீழே படிக்கட்டு மாதிரி அடுக்கிய பீடம். அதன்மேல் நடுவில் குழி வெட்டிய ஒரு கனமான கல். அம்மியா உரலா என்று கேட்டால் உரல் என்று சொல்லலாம். அந்தக் குழிக்குள் செருகி நிற்கும் தண்டு. தண்டின் உச்சியில் தலை. அதில் ஒரு பக்கம் சிலுவைப்பாடு, மறுபக்கம் பெரும்பாலும் மாதாவும் குழந்தையும்.

இதில் நேரில் போனால் காணக் கிடைக்காதது எது தெரியுமா? தலைதான். முக்கால்வாசி ஊர்களில் பீடமும் குழிக்கல்லும் இருக்கும். பாதித் தண்டு இருந்தால் அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் 12,000க்கும் மேற்பட்ட நிற்கும் சிலுவைகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். எஞ்சியிருப்பவை சுமார் 2,000. மழையும் காற்றும் தின்றது கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றை மனிதர்கள் திட்டமிட்டே உடைத்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ரோமிலிருந்து பிரிந்து புராட்டஸ்டன்ட் நாடானபோது, உருவங்களை வணங்குவது விக்கிரக வழிபாடு என்ற எண்ணம் வலுத்தது. அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1643 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு கட்டளையே போட்டது: ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் திறந்த வெளிகளிலும் உள்ள சிலுவைகளையும் புனிதர் உருவங்களையும் நவம்பர் 1ஆம் தேதிக்குள் அகற்றிவிட வேண்டும். உருவம் இருப்பது தலையில் என்பதால் முதல் அடி அங்கேதான் விழுந்தது. மொட்டையாக நின்ற தண்டுகளை வீணாக்குவானேன் என்று பல ஊர்களில் அதன் உச்சியில் சூரிய கடிகாரம் பொருத்திக்கொண்டார்கள். இன்று ஒரு கல்லறைத் தோட்டத்தில் படி வைத்த பீடத்தின்மேல் குட்டையாக ஒரு சூரிய கடிகாரத்தைப் பார்த்தால், அது தலை போன சிலுவையா என்று சந்தேகப்படலாம். பல முறை சந்தேகம் சரியாகவே இருக்கும்.

எல்லா ஊரும் கட்டளைக்குப் பணிந்துவிடவில்லை. குளோஸ்டர்ஷயரில் ஆம்ப்னி குரூசிஸ் என்ற கிராமம். பெயரிலேயே சிலுவை இருக்கிறது. அங்கே யாரோ சிலுவையின் தலையைக் கழற்றி, ஆலயத்துக்குள்ளேயே சுவரில் வைத்துப் பூசி மறைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் சுவரைத் திறந்தபோது உருவங்களோடு தலை முழுசாக வெளியே வந்தது. எடுத்துத் தண்டின்மேல் மறுபடி வைத்தார்கள். ஒளித்து வைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இருந்திருந்தால் அவர் மாட்டிக்கொண்டிருப்பார்!

டெர்பிஷயரில் கொள்ளைநோய் காலத்தில் தன்னையே பூட்டிக்கொண்டதற்குப் பெயர்போன ஒரு கிராமம் உண்டு. எழுத்தைப் பார்த்தால் ஈயம் என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு ‘ஈம்’. (ஈயச் சுரங்கங்கள் இருந்த ஊர்தான் அது என்பது தமிழனுக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை.) அங்குள்ள 8ஆம் நூற்றாண்டுச் சிலுவை கல்லறைத் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் அந்தப் பக்கம் வந்தபோது கண்ணில் பட்டுத்தான் எடுத்து நிறுத்தினார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. தண்டின் மேல்பகுதி மட்டும் கிடைக்கவே இல்லை. அதனால் இன்று தலை தண்டின்மேல் கொஞ்சம் தாழ்வாக, கழுத்தில்லாத ஆள் போல உட்கார்ந்திருக்கிறது.

சரி, காஸ்ஃபோர்த்துக்குத் திரும்புவோம். அதன் அருமை என்னவென்றால் அது உடைபடவே இல்லை. தலையும் தண்டும் இருக்கின்றன, அதுவும் நட்ட இடத்திலேயே.

10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைச் செதுக்கியிருக்கிறார்கள். ஸ்காண்டினேவியாவின் கடலோடிகளான வைக்கிங்குகள் அயர்லாந்து, மான் தீவு வழியாகக் கம்ப்ரியாவில் வந்து குடியேறிய காலம். கொள்ளையடிக்க வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே உழுது, ஆடு மேய்த்து, பக்கத்து வீட்டில் பெண் எடுத்து, மெல்ல மெல்லக் கிறிஸ்தவர்களாகிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் பிறந்த சிலுவை இது.

தண்டின் கீழ்ப்பாதி உருண்டை, மரத்தடி மாதிரி. மேலே போகப் போக நான்கு பட்டையாக மாறும். உருண்டைப் பகுதியின் மேல்பக்கம் முழுக்க ஒன்றுக்குள் ஒன்று புகுந்த வளையப் பின்னல். உலகத்தையே தாங்கி நிற்பதாக நார்ஸ் புராணம் சொல்லும் இக்ட்ராசில் மரத்தின் பட்டையைத்தான் இது காட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சம் இழுத்துப் பிடித்த வாசிப்பாகவே படுகிறது. கல்தச்சனுக்குப் பின்னல் போடப் பிடித்திருக்கலாம், அவ்வளவுதான்.

மேற்குப் பக்கத்துக்கு வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. கீழே ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான். அவன் தலைக்கு மேல் ஒரு பாம்பு. பக்கத்தில் ஒரு பெண் கிண்ணம் ஏந்தியிருக்கிறாள். இது லோகி என்ற தந்திரக்காரத் தேவனின் கதை. பால்டர் என்ற தேவன் சாகக் காரணமானதற்காக லோகியைப் பாறையில் கட்டிப்போட்டு, முகத்தில் விஷம் சொட்டும்படி மேலே பாம்பைத் தொங்கவிடுகிறார்கள். அவன் மனைவி சிகின் பக்கத்திலேயே இருந்து கிண்ணத்தில் விஷத்தைப் பிடிக்கிறாள். கிண்ணம் நிறைந்து அவள் கொட்டப் போகும் அந்தச் சில நொடிகளில் துளி முகத்தில் விழ, அவன் துடிக்கிறான். அந்தத் துடிப்புத்தான் நிலநடுக்கம். இதே பக்கத்தில் மேலே ஒருவன் கையில் கொம்போடு இரண்டு மிருகங்களைத் தடுத்து நிற்கிறான். உலகத்தின் முடிவில் கொம்பு ஊதும் காவல் தேவன் ஹைம்டால் என்று அடையாளம் காண்கிறார்கள்.

கிழக்குப் பக்கம் இன்னும் ஆச்சரியம். ஓர் ஓநாய் அல்லது பாம்பு போன்ற மிருகத்தின் வாயில் ஒருவன் காலை ஊன்றி, மேல்தாடையைக் கையால் பிளக்கிறான். தேவர்களின் தலைவன் ஓடினை விழுங்கிய ஃபென்ரிர் ஓநாயின் வாயைக் கிழித்துப் பழி தீர்க்கும் மகன் விடார். அந்தக் காட்சிக்குக் கீழே, அதே பக்கத்தில், இயேசுவின் சிலுவைப்பாடு. கைகளை விரித்தபடி அவர் ஒரு சட்டத்துக்குள் நிற்கிறார். கீழே விலாவில் குத்தும் ஈட்டிக்காரன். அவனுக்கு எதிரே நீண்ட பின்னலும் தரையில் இழையும் ஆடையுமாக ஒரு பெண். அச்சு அசல் வைக்கிங் கலையில் வரும் பெண் உருவம்.

இரண்டு மதத்துக் காட்சியையும் ஒரே கல்லில் ஏன் வெட்டினார்கள்? பழைய தேவர்களின் முடிவும் புதிய தேவனின் வெற்றியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கேட்பவர்களுக்குச் சட்டென்று விளங்கும் என்று போதகர் கணக்குப் போட்டிருக்கலாம் என்பதே பரவலான விளக்கம். ‘உங்கள் தாத்தா சொன்ன கதையில் உலகம் அழியும் இல்லையா, அதற்கப்புறம் என்ன ஆகும் தெரியுமா’ என்று ஆரம்பிக்க இதைவிட வசதியான கல் கிடைக்காது.

இன்னொரு விஷயம். லோகி, விடார் கதைகளை இன்று நாம் முழுசாக அறிவது ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டர்லுசன் 1220ஐ ஒட்டி எழுதிவைத்த நூலால்தான். காஸ்ஃபோர்த் சிலுவை அதைவிட ஏறக்குறைய 300 ஆண்டு மூத்தது. ஏடு எழுதப்படும் முன்பே அந்தக் கதைகள் ஊர் ஊராக உலவியதற்கு இந்தக் கல் சாட்சி.

வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கரிமக் காலக்கணிப்பு கல்லில் செல்லாது. அது ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளுக்கு மட்டும். கல் உருவான காலத்தைப் புவியியல் சொல்லும், செதுக்கிய காலத்தைச் சொல்லாது. ஆகவே பாணியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த வளையப் பின்னல் மான் தீவுச் சிற்பங்களிலும் ஸ்காண்டினேவிய உலோக வேலைகளிலும் எந்தக் காலத்தில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து அரை நூற்றாண்டு முன்பின்னாக வருகிறார்கள்.

இப்போது சட்டம்.

பிரிட்டனில் பழஞ்சின்னங்களுக்கான முதல் சட்டம் 1882இல் வந்தது. கொண்டுவந்தவர் ஜான் லப்பக், தொழிலால் வங்கியாளர். பிரிட்டனில் ‘பேங்க் ஹாலிடே’ என்ற பொது விடுமுறையைச் சட்டமாக்கியவரும் இவரே. அந்தச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. ‘எட்டாவது அட்டவணை’ என்கிறோமே, அதே பொருளில்தான். அதில் ஸ்டோன்ஹெஞ்ச் உள்பட 68 இடங்கள். அட்டவணையில் பெயர் ஏறியதால் அவற்றுக்கு ‘ஷெட்யூல்டு’ சின்னம் என்று பெயர் வந்தது. தமிழில் அட்டவணைச் சின்னம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சட்டத்துக்குப் பல் கிடையாது; நிலத்தின் சொந்தக்காரர் தானாக முன்வந்து அரசின் பொறுப்பில் விட்டால்தான் உண்டு. பல் 1913இல் முளைத்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தின் அட்டவணையில் இப்போது சுமார் 20,000 சின்னங்கள். காஸ்ஃபோர்த் சிலுவை அதில் ஒன்று.

இதோடு ‘லிஸ்டட் பில்டிங்’ என்பதைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அது வேறு பட்டியல், மிகப் பெரியது, ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள். மக்கள் குடியிருந்து பயன்படுத்தும் கட்டடங்கள்தான் அதில் பெரும்பாலும். வீட்டைப் பயன்படுத்து, ஆனால் அதன் தன்மையைக் கெடுக்காதே என்பது அதன் நோக்கம். அட்டவணை கறாரானது. இருக்கிறபடியே இருக்கட்டும், கை வைக்காதே என்கிறது. ஒரே கல்சிலுவை இரண்டிலும் இடம்பெறுவதுண்டு. அப்போது அட்டவணையின் விதியே மேலோங்கும்.

வேடிக்கை என்னவென்றால், வழிபாடு நடக்கிற தேவாலயத்தை அட்டவணையில் சேர்க்க அந்தச் சட்டமே இடம் தருவதில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் சிலுவையைச் சேர்க்கலாம். ஆகக் கோயிலுக்கு ஒரு சட்டம், அதன் முற்றத்துக் கல்லுக்கு இன்னொரு சட்டம். குருவானவர் சிலுவைக்கு ஏதாவது பழுது பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். ஒன்று, பேராயத்தின் திருச்சபை நீதிமன்றம். அது தரும் அனுமதிக்கு ‘ஃபேகல்டி’ என்று பெயர். மற்றது, பண்பாட்டுத் துறை அமைச்சரின் ஒப்புதல். நடைமுறையில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு பார்த்து ஆலோசனை சொல்ல, அதன்படி நடக்கும்.

பாதுகாப்பு கல்லோடு நிற்பதில்லை என்பதுதான் புதியவர்கள் தவறவிடும் இடம். இந்த வகைச் சின்னங்களின் பதிவுகளில் சிலுவை, அதன் பீடம், அதைச் சுற்றி ஓரிரு மீட்டர் நிலம் என்று எல்லை வரைந்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் யாருடைய கல்லறைக் கல்லோ நடைபாதையோ வந்துவிட்டால், ‘அவை இதில் அடங்கா, ஆனால் அவற்றுக்கு அடியிலுள்ள நிலம் அடங்கும்’ என்று ஒரு வரி இருக்கும். முதலில் படிக்கும்போது வக்கீல் குசும்பு போலத் தோன்றும். யோசித்தால் சரிதான். சிலுவை எங்கே நட்டார்கள், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதற்கான தடயமெல்லாம் மண்ணில்தான் இருக்கிறது. அதனால் அங்கே மெட்டல் டிடெக்டரை அனுமதியின்றிப் பயன்படுத்தினாலே குற்றம். வேண்டுமென்றே சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை.

காஸ்ஃபோர்த்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1896–97இல் தேவாலயத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது அஸ்திவாரத்துக்குக் கீழே வைக்கிங் காலத்துக் கல்லறைக் கற்கள் இரண்டு கிடைத்தன. கூரை வளைந்த வீடு மாதிரி இருக்கும் இவற்றுக்கு ‘ஹாக்பேக்’ என்று பெயர், பன்றி முதுகு என்று பொருள். இடி தேவன் தோர் தூண்டில் போடும் காட்சியுள்ள கல் ஒன்றும் அந்த ஆலயத்துக்குள் இருக்கிறது.

இப்போது அந்த வாளிக்கும் பிரஷுக்கும் வருவோம். பழைய கல்லுக்குப் பெரிய எதிரி சுத்தியலோடு வருபவன் என்று நினைப்போம். அந்த ஆட்கள் 1643இல் வந்து போய்விட்டார்கள். இன்று அதிகம் பயப்பட வேண்டியது நல்லெண்ணத்தோடு வருபவர்களைத்தான். மேலே சொன்ன பாசி உண்மையில் ‘லைக்கன்’. பிரியாணிக்குப் போடும் கல்பாசி இருக்கிறதே, அதே குலம். அது மெல்ல வளரும், கல்லின் துகளுக்குள்ளேயே இழை விட்டுப் பிடித்திருக்கும். கம்பி பிரஷால் தேய்த்தால் லைக்கனோடு மேற்பரப்பும் வரும். மணற்கல்லில் செதுக்கிய கண், மூக்கு எல்லாம் சில மில்லிமீட்டர் ஆழம்தான். ஒரு முறை தேய்த்தால் சுத்தமாகிவிடும். லோகியின் முகமும் போய்விடும்.

விரிசலில் சிமென்ட் பூசுவது அடுத்த பாவம். சிமென்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து உப்பும்போது உடைவது சிமென்ட் அல்ல, பக்கத்திலிருக்கும் கல். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஈரம் அதன் வழியாகப் போய்விடும், கெட்டால் அதைச் சுரண்டி மறுபடி பூசலாம். கல்லுக்குப் பதில் சாந்து தேய வேண்டும் என்பதே கல் வேலைக்காரர்களின் கணக்கு.

அப்படியானால் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடலாமே? ஸ்காட்லாந்தின் ரத்வெல் கிராமத்தில் அப்படித்தான் செய்தார்கள். அங்குள்ள 8ஆம் நூற்றாண்டுச் சிலுவையில் ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் பழைய ஆங்கிலக் கவிதை வரிகள் இருக்கின்றன. 1642இல் திருச்சபையின் ஆணைப்படி அதைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ப் போதகர் ஹென்றி டங்கன் துண்டுகளைத் தேடிச் சேர்த்து நிறுத்தினார். உச்சிக் கல்லை முன்பின் மாற்றி வைத்துவிட்டார், அது இன்றும் அப்படியே. (இவர்தான் 1810இல் சேமிப்பு வங்கியைத் தொடங்கியவர். வங்கிக்காரர்களுக்கும் பழைய கல்லுக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு இருக்கிறது.) 1887இல் அதை ஆலயத்துக்குள் கொண்டுவந்து, அதற்கென்றே கட்டிய மாடத்தில் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினார்கள். மழை படாது. ஆனால் வெயிலும் படாது. ஒரு காலத்தில் வானத்தின் கீழ் நின்ற பொருளை இப்போது விளக்கொளியில் பார்க்கிறோம்.

காஸ்ஃபோர்த் சிலுவை வெளியேதான் நிற்கிறது. வேலி போட்டு, பூட்டுப் போட்டு வைக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பார்க்க ஒரு நேரம் உண்டு. முகத்துக்கு நேராக வெயில் அடித்தால் தேய்ந்த செதுக்கல் தட்டையாகத் தெரியும், ஒன்றும் பிடிபடாது. நண்பகலை ஒட்டிச் சூரியன் தெற்கே நிற்கும்போது, கிழக்குப் பக்கத்தையும் மேற்குப் பக்கத்தையும் வெயில் ஓரமாக உரசிக்கொண்டு போகும். அப்போது சில மில்லிமீட்டர் மேடு பள்ளத்துக்கும் நிழல் விழும். மேற்குப் பக்கம் உற்றுப் பார்த்தால், சிகினின் கிண்ணத்தின் விளிம்பு தெரியும்.